முகத்துக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் பொருந்தும் மனித முடி எக்ஸ்டென்ஷன்: எதை முதலில் முடிவு செய்வது?

வெண்பஞ்சு:

வணக்கம் தோழிகளே. எனக்குத் தோளைத் தொடும் அளவுக்கு முடி. இழை மெல்லியது, அடர்த்தி மோசமில்லை. வட்ட முகம், கழுத்து கொஞ்சம் குட்டை. நீளமாகவும் நிறைவாகவும் தெரிய மனித முடியில் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த முடியோடு சேர்த்து மாட்டும் முடி, வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். கிளிப், டேப், கெரட்டின், ரிங், வெஃப்ட் என்று படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. வட்ட முகத்துக்கு நீள முடிதான் எடுப்பு என்கிறார் ஒருவர். நீள முடி முகத்தை இன்னும் உருண்டையாகக் காட்டும் என்கிறார் இன்னொருவர்.

தினமும் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறேன். மாலையில் உடற்பயிற்சி, தலை முழுக்க நனைந்துவிடும். வாரம் ஒருமுறையாவது எண்ணெய் வைப்பேன். இதற்கெல்லாம் எது தாங்கும்? நீளம், நிறம், மாட்டும் விதம் இவற்றில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

கார்குழலி:

நான் சலூனில் எக்ஸ்டென்ஷன் வைக்கும் வேலைதான் பார்க்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு படத்தோடு வந்து ‘இந்த நீளம் வேண்டும்’ என்று தொடங்குவார்கள். நான் கேட்பது வேறு. தலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை அலசுவீர்கள்? எண்ணெய் வைப்பீர்களா? முடியை விரித்துப் போடுவீர்களா, தூக்கிக் கட்டுவீர்களா? நீச்சல் உண்டா? நீளம் முகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் கத்தரி வைத்துச் சரிசெய்துவிடலாம். மாட்டிய விதம் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்றால் மொத்தத்தையும் கழற்றுவதைத் தவிர வழியில்லை. அதனால் மாட்டும் விதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நீளம், அடர்த்தி, நிறம் எல்லாம் அப்புறம்.

கிளிப்பை எல்லோருக்கும் தெரியும். காலையில் மாட்டி இரவில் கழற்றுவது. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. உங்கள் மேல்முடி கிளிப்பை மூடும் அளவுக்கு இருந்தால் போதும், தோளைத் தொடும் முடி தாராளமாக மூடிவிடும்.

டேப் என்பது உங்கள் முடியில் மிக மெல்லிய ஒரு அடுக்கைப் பிரித்து, அதற்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை வைத்து அழுத்தி ஒட்டுவது. தலையோடு தட்டையாகக் கிடப்பதால் மெல்லிய முடியிலும் துருத்திக்கொண்டு தெரியாது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் பட்டைகள் கீழே இறங்கிவிடும். கழற்றி, புதுப் பசை ஒட்டி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அதே முடியைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது இதில் நல்ல விஷயம். ஆனால் பசைக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. கண்டிஷனர் வேரில் பட்டாலும் பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கெரட்டின் என்றால் சின்னச் சின்னக் கற்றைகளைச் சூடு காட்டி உங்கள் முடியோடு உருக்கிப் பிணைப்பது. 3, 4 மாதம் நிற்கும். கற்றை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும் என்பதால் உச்சிக் கொண்டை போட்டாலும் இயல்பாக இருக்கும். கழற்றும்போதுதான் கவனம் தேவை. அதற்கென்று இருக்கும் திரவத்தை விட்டு, இடுக்கியால் பிணைப்பை நொறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும். அவசரக் கை பட்டால் சொந்த முடியும் சேர்ந்து அறுந்துவிடும்.

மைக்ரோ ரிங்கில் சூடும் இல்லை, பசையும் இல்லை. சின்ன வளையத்துக்குள் உங்கள் முடியையும் கற்றையையும் நுழைத்து நசுக்கிவிடுவார்கள். மெல்லிய முடிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், முழு எடையும் ஒரே புள்ளியில் தொங்கும். வெஃப்ட் என்பது வரிசையாகத் தைத்த முடி. அதைத் தலையில் போட்ட பின்னல் மேலேயோ மணி வரிசை மேலேயோ தைப்பார்கள். தடித்த, அடர்ந்த முடி உள்ளவர்களுக்கு அருமையாக நிற்கும். வியர்க்கிறவர்களுக்கு அடிப்பின்னலில் ஈரம் தங்குவதுதான் தொல்லை.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். எண்ணெயும் வைக்க வேண்டும், தினமும் வியர்க்கும், இழையும் மெல்லியது. எனக்கு முதலில் தோன்றுவது கிளிப்தான். எண்ணெயை நுனிக்கு மட்டும் என்று குறைத்துக்கொள்ள முடியுமானால் டேப்பையும் யோசிக்கலாம்.

அந்திவானம்:

ஹாலோவை விட்டுவிட்டீர்களே! கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் கோத்த முடி, தலையைச் சுற்றி உட்காரும், மேல்முடியை எடுத்து அதன் மேல் போட்டு மறைத்துவிடலாம். கிளிப் கடிப்பதே கிடையாது. நான் அலுவலகத்துக்கு அதைத்தான் போகிறபோக்கில் போட்டுக்கொள்கிறேன்.

கார்குழலி:

உண்மைதான், மெல்லிய முடிக்கு நல்ல வழி. ஆனால் கம்பி உங்கள் தலை அளவுக்குச் சரியாக உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் பின்னால் சரியும், இறுக்கமாக இருந்தால் சாயங்காலம் தலைவலி. தூக்கிக் கட்டுகிறவர்களுக்கும், குதித்து ஓடி உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் ஒத்துவராது.

தேன்சிட்டு:

முகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஒப்பனை வேலையில் இதைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன்.

முடி முழுவதையும் பின்னால் வாரிக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகிய மூன்றில் எது அகலம் என்று பாருங்கள். முடியின் பருமன் எந்த உயரத்தில் அதிகமோ, அந்த இடத்தில் முகம் அகலமாகத் தெரியும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே மற்றதையெல்லாம் கணக்குப் போடலாம்.

வட்ட முகத்தில் கன்னம்தான் அகலம். அங்கே போய் அலை அலையாகப் பருமனைச் சேர்த்தால் முகம் இன்னும் உருண்டையாகத் தெரியும். முதல் அடுக்கு தாடைக்குக் கீழே தொடங்கட்டும், நீளம் காறை எலும்பைத் தாண்டட்டும், உச்சியில் கொஞ்சம் எழுச்சி, வகிடு சற்றே ஓரமாக. சதுர முகத்தில் தாடையின் மூலைகள் எடுப்பாக இருக்கும். நேரான முடி தாடை மட்டத்தில் வெட்டென்று முடிந்தால் அந்த மூலைகள்தான் கண்ணில் படும். அங்கே மென்மையான அலை வேண்டும். நீள முகத்துக்கு இடுப்பு வரை தொங்கும் நேர் முடி வேண்டாம். அது முகத்தை இன்னும் இழுத்துக் காட்டும். மார்பு அளவு நீளம், பக்கவாட்டில் நிறைவு, நெற்றியில் முன்முடி. நெற்றி அகன்று மோவாய் குறுகியவர்களுக்குத் தாடைக்குக் கீழே பருமன் வேண்டும். நீள்வட்ட முகத்துக்கு ஏறக்குறைய எல்லாமே பொருந்தும்.

வெண்பஞ்சு, நீங்கள் படித்த இரண்டு கருத்துமே அதனதன் இடத்தில் சரி. அடுக்கு இல்லாமல் கனமாக இரண்டு பக்கமும் தொங்கும் நீளம் வட்ட முகத்துக்கு ஆகாது. அடுக்கு வெட்டிய நீளம் நன்றாக இருக்கும்.

சுருள்முடிக்காரி:

தேன்சிட்டு சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. முகத்தின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதிதான் சரிவரும். கழுத்து, தோள், உயரம் இவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குட்டைக் கழுத்து உள்ளவர் இரண்டு தோளிலும் அடர்த்தியாக முடியை முன்னால் போட்டால் கழுத்தே காணாமல் போய்விடும். ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று போடுவதும், கழுத்தருகே எடையைக் குறைத்து வெட்டுவதும் அவருக்கு எந்த வடிவ அட்டவணையையும் விட அதிகம் உதவும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பொருத்திப் பாருங்கள். காதோரத்தில் முடி கூடும்போது கண்ணாடியின் காலும் சேர்ந்து அந்த இடத்தைப் பருமனாக்கும்.

அப்புறம் என்னைப் போல் சுருள் முடி உள்ளவர்களுக்கு: நீளம் எப்போதும் இழையை இழுத்து நீட்டித்தான் அளக்கப்படுகிறது. 20 அங்குலம் என்று வாங்கிய சுருள் முடி மாட்டியதும் பல அங்குலம் மேலே ஏறி நிற்கும். சுருளைப் பொருத்திப் பார்க்கும்போது தலையை அலசி, சீப்போ சூடோ படாமல் தானாகக் காயவிட்ட பிறகு பாருங்கள். உங்கள் உண்மையான சுருள் அப்போதுதான் தெரியும். நேரான முடியை ஆவியில் சுருட்டிச் சுருள் என்று விற்பதும் உண்டு. சில அலசலிலேயே அது விரிந்து தளர்ந்துவிடும்.

தேன்சிட்டு:

கழுத்து விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். உடையில்கூட அது தெரியும். கழுத்து மூடிய ரவிக்கை, சட்டை அதிகம் போடுகிறவர் என்றால் அதையே அணிந்துகொண்டு பொருத்திப் பார்ப்பது நல்லது.

வெண்பஞ்சு:

அருமை, நீளம் பற்றிய குழப்பம் தீர்ந்தது. 16 அல்லது 18 அங்குலம் என்று யோசிக்கிறேன். எத்தனை கிராம் வாங்குவது? நிறம் கறுப்புதானே, அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

கார்குழலி:

கறுப்பில்தான் அதிகம் யோசிக்க வேண்டும்! நிற அட்டையில் 1 என்ற எண் அடர் கறுப்பு. 1பி என்பது இயற்கையான கறுப்பு, வெயிலில் லேசாகப் பழுப்பு தெரியும். சாயம் போடாத கறுப்பு முடி பெரும்பாலும் 1பி அல்லது 2 பக்கம்தான் வரும். அடர் கறுப்பை வாங்கினால் வீட்டுக்குள் சரியாக இருப்பதுபோலத் தெரியும், வெளியே வந்ததும் எக்ஸ்டென்ஷன் மட்டும் நீலம் கலந்து மின்னும். உங்கள் முடியின் நடுப்பகுதியையும் நுனியையும் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து ஒப்பிடுங்கள். வேரை வைத்துப் பார்க்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் கலக்கப்போவது நுனியோடுதான். இரண்டு நிறத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் வெளிர் நிறத்தை எடுங்கள். மனித முடியைச் சாயம் போட்டு அடர் நிறமாக்கலாம். ஏற்கெனவே சாயமேறிய எக்ஸ்டென்ஷனை வெளுக்கப் போனால் முடி நைந்துவிடும்.

கிராம் கணக்கு: முழுத் தலைக்கு 16 அங்குலத்தில் 100, 120 கிராம் போதும். 20, 22 அங்குலம் என்றால் 150 முதல் 200 வரை போகும். நீளம் கூடும்போது எடையையும் கூட்டாவிட்டால் நுனி எலிவால்போல் மெலிந்துவிடும். உங்கள் மெல்லிய இழை 200 கிராமைச் சுமக்க வேண்டாம், 16 அங்குலத்திலேயே நின்றுகொள்ளுங்கள். சிங்கிள் ட்ரான், டபுள் ட்ரான் என்று இரண்டு வகை பார்த்திருப்பீர்கள். முதலாவதில் குட்டை இழைகளும் கலந்திருக்கும், நுனி இயல்பாக மெலியும். இரண்டாவதில் குட்டை இழைகளைக் கையால் பிரித்து எடுத்துவிடுவார்கள், அடி முதல் நுனி வரை ஒரே பருமன். அடுக்கு வெட்டப் போகிறவருக்கு முதல் வகையே போதும்.

அந்திவானம்:

தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் சொல்லவில்லையே. எல்லாப் பாக்கெட்டிலும் ‘ரெமி’ என்றுதான் போட்டிருக்கிறது.

சுருள்முடிக்காரி:

முடியின் மேற்புறம் மீன் செதில்போல் அடுக்கடுக்காக இருக்கும், செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். ரெமி என்றால் அந்தச் செதில்கள் கெடாமல், எல்லா இழையும் ஒரே திசையில் அடுக்கப்பட்ட முடி. சீப்பிலும் தரையிலும் சேர்ந்த உதிர்முடியைத் திரட்டினால் வேர் எது, நுனி எது என்று தெரியாது. செதில்கள் எதிரெதிராக உரசிச் சிக்கு விழும். அதனால் அமிலத்தில் முக்கிச் செதிலையே எடுத்துவிட்டு, மேலே சிலிகான் பூசி விற்பார்கள். பாக்கெட்டில் பார்க்கும்போது இதுதான் அதிகமாகப் பளபளக்கும்! சிலிகான் கரைந்ததும் பிடரிப் பக்கம் பந்து பந்தாகச் சிக்கு.

வாங்கும் இடத்தில் ஒரு இழையை எடுத்து, மேல்முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் நுனியை நோக்கி உருவுங்கள். வழவழவென்று போகும். அப்படியே நுனியிலிருந்து மேலே உருவுங்கள், விரலில் லேசான சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழுக்கினால் பூச்சுதான் பேசுகிறது. முடிந்தால் ஒரு கற்றையை மட்டும் வாங்கி, சில முறை ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்துப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். மனித முடிதானா என்ற சந்தேகம் வந்தால் ஓரிரு இழையை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். மனித முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகும், விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி, பிளாஸ்டிக் நாற்றத்தோடு கெட்டியான மணியாகத் திரளும்.

மழைத்துளி:

நான் ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள். ஒரு சலூனில் எனக்குக் கெரட்டின் கற்றை வைத்தார்கள். அன்று இரவே தலையணையில் தலை வைக்க முடியாத வலி. கேட்டதற்கு ‘போகப் போகப் பழகிவிடும்’ என்றார்கள். காதோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன, அப்போதும் அதே பதில். வேறொருவரிடம் போய்க் கழற்றியபோது காதுக்கு மேலே முடி கொத்தாக மெலிந்திருந்தது. தோல் மருத்துவர் இழுவையால் வந்தது என்றார், இப்போது மெதுவாக முளைக்கிறது. என் மெல்லிய முடியில் அவ்வளவு தடித்த கற்றையை வைத்திருக்கவே கூடாது என்று இன்றும் கோபம் வருகிறது.

கார்குழலி:

உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். வலி பழகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதல் நாள் புதிதாக ஒரு கனம் தெரியும், அது சரி. வலி, சிவப்பு, கொப்புளம், முடியை அசைத்தால் வேர் சுண்டுவது ஆகியவை எல்லாம் இழுவையின் அடையாளம். உடனே கழற்ற வேண்டும். ஆரம்பத்தில் நிறுத்திவிட்டால் முடி திரும்ப வளரும். மாதக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்தால் மயிர்க்கால் தழும்பாகி, அந்த இடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடும். நெற்றியோரம், காதோரம், பிடரியின் கடைசி வரிசை ஆகியவற்றில் முடி மிக மெல்லியது, அங்கே எதையும் ஒட்டக் கூடாது. ஒவ்வொரு கற்றையும் அதைத் தாங்கும் சொந்த முடியும் ஒரே அளவு இருக்க வேண்டும். இதைச் சலூனில் கண்ணாடியில் பார்த்து நீங்களே கேளுங்கள், தயங்காதீர்கள்.

ஒன்றைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள். இயல்பாகவே தினமும் 50 முதல் 100 இழை உதிரும். டேப்புக்குள் மாட்டிய உதிர்முடி வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். இரண்டு மாதம் கழித்துக் கழற்றும்போது அது மொத்தமாகக் கையோடு வரும்.

புதுஅம்மா:

குழந்தை பிறந்து சில மாதம் ஆகிறது. முன்நெற்றியில் முடி கொட்டி மண்டை தெரிகிறது. மறைக்க டேப் வைக்கலாமா அக்கா?

கார்குழலி:

இப்போது வேண்டாம் தங்கை. பிரசவத்துக்குப் பின் கொட்டுவது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகும். கொட்டிக்கொண்டிருக்கும் முடியில் எடை மாட்டினால் நிற்க வேண்டியதும் சேர்ந்து போகும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு இருந்தாலும் கொட்டும் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஏதாவது விழாவுக்கு வேண்டுமென்றால் டாப்பர் என்று உச்சியில் கிளிப்பால் மாட்டும் லேசான முடித்துண்டு போதும். சில மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள், கிளிப் விழும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

தேன்சிட்டு:

பராமரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டென்ஷனுக்குத் தலையிலிருந்து எண்ணெய்ப் பசை வராது, அதனால் சீக்கிரம் வறண்டுபோகும். சல்பேட் இல்லாத ஷாம்பு, நடுவிலிருந்து நுனிக்கு மட்டும் கண்டிஷனர். சிக்கெடுக்கும்போது ஒரு கையால் பிணைப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். ஈரத்தோடு தூங்காதீர்கள், தளர்வாகப் பின்னல் போட்டுப் படுங்கள். முடியை நேராக்கவோ சுருட்டவோ சூடு காட்டினால் 180 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். நீச்சலுக்கு முன்னால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பின்னிக்கொண்டால் குளோரின் அவ்வளவாக ஏறாது.

வெண்பஞ்சு:

முடிவுக்கு வந்துவிட்டேன். 16 அங்குலம், 1பி, 100 கிராம், கிளிப். எண்ணெயையும் உடற்பயிற்சியையும் விட மனமில்லை. ஹெல்மெட் மட்டும்தான் இடிக்கிறது, கிளிப் அழுத்தாதா?

கார்குழலி:

அழுத்தும். அதனால் காதுக்கு மேலே உள்ள மட்டத்தில் எதையும் மாட்டாதீர்கள், பிடரியின் கடைசி வரிசையை விட்டு, அதற்கு மேலே தாழ்வாக மட்டும் மாட்டுங்கள். ஹெல்மெட் சரியாக உட்காரவில்லை என்றால் போய்ச் சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளுங்கள், பழகினால் சில நிமிட வேலைதான். மாட்டும் இடத்தில் வேரருகே முடியை வேரை நோக்கி லேசாகத் தலைகீழாகச் சீவிவிட்டால் கிளிப் வழுக்காது. வாங்கியதும் ஒருமுறை சலூனுக்குப் போய், தலையில் மாட்டிய நிலையிலேயே அடுக்கு வெட்டச் சொல்லுங்கள். தோள் மட்டத்தில் உங்கள் முடி முடிகிற இடம் படிபோல் தெரியாமல் கலக்க அதுதான் வழி.

மழைத்துளி:

ரிங் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் தலையில் உலோகம் இருக்கக் கூடாது. கிளிப்பை நாமே கழற்றிவிடலாம், ரிங்கைக் கழற்ற ஆள் வேண்டும். ஸ்கேன் தேதி குறித்திருந்தால் அது முடிந்த பிறகு வையுங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் ஸ்கேன் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.